லாரி பார்சலில் பாய் நனைந்தது: வாடகையில் பத்து மடங்குதான் தருவார்களாம், சரிதானா?

பத்தமடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பத்தமடையில் நெய்கிறவர்களிடம் பாய் வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவது என் தொழில். ஐப்பசி மழையில் திருநெல்வேலியில் ஒரு பார்சல் ஆபீசில் பெங்களூருக்கு ஆறு கட்டு புக்கிங் போட்டேன். நான்கு கட்டு சாதாரணக் கோரைப்பாய். இரண்டு கட்டு பட்டுப்பாய், அதில் சில மணமக்கள் பெயர் போட்டு நெய்த கல்யாணப் பாய். இன்வாய்ஸ் 68,000 ரூபாய், வாடகை 1,150.

பெங்களூரில் கட்டைப் பிரித்தால் தண்ணீர் சொட்டுகிறது. சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைக் கோரையெல்லாம் ரோஸ் நிறம். உள்சுருளில் பூஞ்சை. பெயர் போட்ட பாயை வேறு யாருக்கு விற்க முடியும்?

ஆபீசில் கேட்டால் எல்.ஆர். (லாரி ரசீது) பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். "ஓனர்ஸ் ரிஸ்க்", அதாவது நஷ்டம் சரக்குக்காரர் பொறுப்பு என்று அச்சடித்திருக்கிறது. கொஞ்சம் சத்தம் போட்டதும், சட்டப்படி வாடகையில் பத்து மடங்கு 11,500 தருகிறோம், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். வழக்குப் போட்டால் மும்பைக்கு வரவேண்டுமாம், அதுவும் பின்பக்கத்தில் இருக்கிறதாம். கையெழுத்துப் போடலாமா?

வள்ளியூர்_சும்மா

எல்.ஆர். பின்பக்கத்தைப் படித்த முதல் ஆள் நீங்கள்தான் அண்ணாச்சி. அந்த எழுத்து எறும்புக்குத்தான் தெரியும்.

பாளை_வக்கீல்

கையெழுத்து மட்டும் போடாதீர்கள். "முழுத் தொகையும்" என்ற ஒரு வரி போதும், பிறகு எதுவும் கேட்க முடியாது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட கேரியர்ஸ் சட்டம்தான். பழைய சட்டத்தில் இருந்த ஒரு நல்ல விஷயம் புதியதிலும் இருக்கிறது: சரக்கு கெட்டுப்போனதற்கு லாரி ஆபீசின் கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை (பிரிவு 12). தங்கள் மேல் தப்பில்லை என்று அவர்கள்தான் காட்டவேண்டும். "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று அச்சடித்துவிட்டால் கவனக்குறைவிலிருந்து தப்பித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2000-ல் நாத் பிரதர்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, ஆனாலும் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறோம்.

பத்து மடங்கு என்பது கதை இல்லை. 2011 விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. செலுத்திய அல்லது செலுத்தவேண்டிய வாடகையின் பத்து மடங்கு, அதுவும் நீங்கள் அறிவித்த மதிப்புக்கு மேல் போகாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் புக்கிங் நேரத்திலேயே கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டியிருக்க வேண்டும் (பிரிவு 10, 11).

கல்லிடை_அப்பளம்

எனக்கு ஒரு சந்தேகம் சார். நான் மும்பைக்கு அப்பளம் அனுப்புகிறேன். மதிப்பை எழுதிவிட்டால் அந்த மதிப்பு முழுதும் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டு எழுத வைக்கிறேன்.

பாளை_வக்கீல்

எழுத வைப்பது நல்லதுதான் அக்கா, அதை விடாதீர்கள். ஆனால் எழுதினால் மட்டும் வரம்பு உயராது. அறிவித்த மதிப்பு ஒரு கூரைதான், அதற்குக் கீழே பத்து மடங்கு வாடகை என்ற இன்னொரு கூரை இருக்கிறது. அதைத் தூக்குவதற்குத்தான் கூடுதல் கட்டணம். அப்பளம் எடை கம்மி, வாடகையும் கம்மி, பத்து மடங்கு என்று பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தேறாது.

புக்கிங்_கவுண்டர்

நான் பல வருஷம் பார்சல் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவன், இப்போது இல்லை. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

சட்டப்படி சரக்கு அனுப்புகிறவர் முதலில் ஒரு படிவம் பூர்த்தி செய்து தரவேண்டும். மதிப்பு, அபாயகரமான பொருள் இருக்கிறதா, எல்லாம் அதில் வரும். அதைப் பார்த்து நாங்கள் ரசீது போடவேண்டும். நடப்பில் அந்தப் படிவத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் கூட்டம். வண்டி ஒன்பது மணிக்குக் கிளம்பவேண்டும். பையன் இன்வாய்ஸை வாங்கி பின் அடித்துவிட்டு மதிப்புக் கட்டத்தில் "இன்வாய்ஸ் படி" என்று தட்டுவான். "கேரியர்ஸ் ரிஸ்க்கில் போடுங்க" (நஷ்டம் லாரி ஆபீஸ் பொறுப்பு) என்று யாராவது கேட்டால் கவுண்டரில் இருப்பவனுக்கே ரேட் தெரியாது, ஹெட் ஆபீசுக்குப் போன் போடுவான். கேட்டவரும் "சரி விடுங்க, வண்டி போயிரும்" என்று போய்விடுவார்.

பாய்க் கட்டு நீளம். உள்ளே நிற்காது, அதனால் லோடுமேன்கள் கடைசியில், பின் கதவை ஒட்டிப் போடுவார்கள். தார்ப்பாய் அந்த இடத்தில்தான் கயிறு உரசிக் கிழிந்திருக்கும். பெங்களூரில் முதலில் இறங்குவதும் அதுதான், முதலில் நனைவதும் அதுதான்.

பத்தமடைக்காரன் அண்ணாச்சி, உங்கள் எல்.ஆரில் வாடகைக்குக் கீழே என்னென்ன வரி போட்டிருக்கிறது, பாருங்கள்? ஹமாலி (சுமைகூலி), ஸ்டாட்டிஸ்டிக்கல் (எஸ்.டி.), எஃப்.ஓ.வி. என்று ஏதாவது?

பத்தமடைக்காரன்

பார்த்தேன். ஹமாலி 60, எஸ்.டி. 30, எஃப்.ஓ.வி. 136. அது என்ன எஃப்.ஓ.வி.? கேட்டதற்கு "எல்லோருக்கும் போடுவதுதான்" என்றார்கள்.

புக்கிங்_கவுண்டர்

மதிப்பின் மேல் போடும் கட்டணம். 68,000-க்கு 136 என்றால் நூற்றுக்கு இருபது பைசா. சரக்கின் மதிப்பைப் பார்த்துத்தான் அந்தக் காசையே வாங்கியிருக்கிறார்கள்.

பாளை_வக்கீல்

இது நல்ல சமாசாரம். சரக்கின் மதிப்பு எங்களுக்குத் தெரியாது என்று இனி அவர்கள் சொல்ல முடியாது. 136 ரூபாய் எப்படி வந்தது என்று கேட்டால் 68,000 என்று தானாக வரும். மதிப்பைப் பார்த்துக் கூடுதலாக வாங்கிய பணம் பிரிவு 11-ல் சொல்லும் ரிஸ்க் கட்டணம்தான் என்று வாதாடலாம். இல்லை, அது ஆபீஸ் செலவுக்கு என்று அவர்கள் மறுப்பார்கள். ஜெயிக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் வெறும் பத்து மடங்கு என்று முடித்துவிட முடியாது.

இன்னொன்று. கூடுதல் ரேட் வாங்கவேண்டுமானால் அந்த ரேட்டை ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் எழுதி ஆபீசில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. அந்த ஆபீசில் அப்படித் தமிழில் ஒரு போர்டு இருக்கிறதா?

பத்தமடைக்காரன்

எனக்குத் தெரிந்து சரஸ்வதி படமும் "கடன் இல்லை" போர்டும்தான். நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

வ.பேட்டை_லாரி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் லாரி ஓனர், பார்சல் ஆபீசுக்கு வண்டி ஓட்டுகிறேன். சரக்கு நனைந்தால் யார் காசில் கழிப்பார்கள் தெரியுமா? எங்கள் பேலன்ஸ் வாடகையில். பார்ட்டிக்கு 11,500 கொடுத்துவிட்டு எங்களிடம் அதற்கு மேலேயே பிடிப்பார்கள். தார்ப்பாய் கிழிந்தது என்றால் என் தப்பு, சரி. கட்டைத் தண்ணீர் தேங்கிய கோடவுன் தரையில் இரண்டு நாள் போட்டு வைத்தது யார்?

ஓவர்லோடு ஏற்றச் சொல்வதும் அவர்கள்தான். பிடிபட்டால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து இதுதான் அபராதம். அதையும் கட்டுவது நாங்கள்.

பாளை_வக்கீல்

உங்கள் வருத்தம் நியாயம் அண்ணாச்சி. சட்டமும் உங்களை நேரே பிடிக்கச் சொல்லவில்லை. ரசீது போட்டு எல்லோரிடமும் சரக்கு வாங்குகிறவர்தான் பொறுப்பு. புக்கிங் கம்பெனி, ஏஜெண்ட், புரோக்கர், கூரியர் எல்லாம் அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுவார்கள். பத்தமடைக்காரர் நோட்டீஸ் அனுப்பவேண்டியதும் ரசீது போட்ட ஆபீசுக்குத்தான், லாரி நம்பருக்கு இல்லை.

கல்லிடை_அப்பளம்

மழை பெய்தது கடவுள் செயல் என்று சொல்லித் தப்பித்துவிட மாட்டார்களா? எனக்கு ஒரு தடவை அப்படித்தான் சொன்னார்கள்.

பாளை_வக்கீல்

ஐப்பசியில் மழை பெய்வது யாருக்குத் தெரியாது? எதிர்பார்க்கக்கூடிய மழைக்குத் தார்ப்பாய் போடுவது அவர்கள் வேலை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியதே, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்று போனதே, அன்றைக்கு அந்த வழியில் மாட்டிய வண்டி என்றால் அந்த வாதத்தை நானும் காதுகொடுத்துக் கேட்பேன்.

மும்பை விஷயத்துக்கு வருகிறேன். அதற்குப் பதில் நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபாரி டெல்லிக்குச் சரக்குப் போட்டார். கோடவுனில் தீப்பிடித்துச் சரக்கு வீணாய்ப் போனது. அவர் பெரியகுளம் கோர்ட்டில் வழக்குப் போட, "பம்பாய் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம் என்று ரசீதில் போட்டிருக்கிறோமே" என்றது லாரிக் கம்பெனி. உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-ல் தீர்ப்பு: கிளை ஆபீஸ் இருக்கும் ஊரில் சரக்கு வாங்கியிருந்தால் அந்த ஊர்க் கோர்ட்டில்தான் வழக்கு. தலைமை ஆபீஸ் இருக்கும் ஊரை ரசீதில் அச்சடித்துக்கொண்டு இதை மாற்ற முடியாது. பட்டேல் ரோட்வேஸ் வழக்கு என்று பெயர். உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

சொந்த உழைப்பில் பிழைக்கும் சின்ன வியாபாரி என்று காட்ட முடிந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம் என்று வந்துவிட்டது. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. "இது வணிக நோக்கம்" என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

எதற்குப் போனாலும் முதலில் எழுத்தில் நோட்டீஸ். அது புக்கிங் போட்ட தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவர்கள் கையில் இருக்கவேண்டும் (பிரிவு 16). சரக்கு வந்த தேதியிலிருந்தோ நஷ்டம் தெரிந்த தேதியிலிருந்தோ இல்லை. நிறையப் பேர் "பேசிக்கிட்டு இருக்கோம், குடுத்துருவாங்க" என்று ஐந்து மாதம் ஓட்டிவிட்டு என்னிடம் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டேன் என்பதை நம்பி உட்காராதீர்கள்.

பத்தமடைக்காரன்

180 நாள் ஆக இன்னும் நிறைய இருக்கிறது. டெலிவரி எடுக்கும்போது பெங்களூர்க் கடைக்காரர் அவர்கள் காப்பியில் "ஆறு கட்டும் நனைந்திருந்தது" என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டார். எனக்கு அனுப்பிய போட்டோவில் அது தெளிவாக இருக்கிறது.

புக்கிங்_கவுண்டர்

அப்படியானால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட காப்பியை வைத்துத்தான் நாங்கள் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்புவோம். அடுத்த தடவை கட்டு ஈரமாக இருந்தால் கடைக்காரரை ஓப்பன் டெலிவரி கேட்கச் சொல்லுங்கள். ஆபீஸ் ஆள் முன்னால் பிரித்து, எத்தனை கெட்டது என்று டேமேஜ் சர்டிபிகேட் வாங்கவேண்டும். முனகுவார்கள், விடக்கூடாது.

துறைமுகம்72

தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. எல்லோரும் லாரியைப் பேசுவதால் கப்பல் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேயும் இதே கதைதான்.

2025-ல் பார்லிமெண்டில் கப்பல் சட்டங்கள் வரிசையாக மாறின. 1856 பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) சட்டம் போய் 2025 சட்டம், 1925 கடல்வழிச் சரக்குச் சட்டம் போய் 2025 சட்டம், 1958 வணிகக் கப்பல் சட்டம், 1908 துறைமுகச் சட்டம் இரண்டுக்கும் புதியது, கரையோரக் கப்பலுக்குத் தனியாக ஒன்று. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது இருந்த அதே பில் ஆஃப் லேடிங் சட்டம்தான் போன வருஷம் வரை எங்கள் மேஜையிலும் இருந்தது என்று சொன்னால் எங்கள் ஆபீஸ் பையன்கள் நம்பவில்லை. அவர் வக்கீல் வேறு, அந்தச் சட்டத்தை நம்மைவிட நன்றாகப் படித்திருப்பார்.

பேப்பரில் பெரிதாகப் போட்டார்களே தவிர, சரக்கு அனுப்புகிறவனுக்கு அடிப்படை மாறவில்லை. பில் யார் கையில் போகிறதோ, சரக்கின் மேல் வழக்குப் போடும் உரிமையும் அவர் கையில் போகும், முன்பு மாதிரியே. நஷ்ட ஈட்டு வரம்பும் அதேதான்: ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது ஐ.எம்.எஃப். கணக்குப் பணம். 666.67 என்றால் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80,000 ரூபாய். வழக்குப் போட டெலிவரியிலிருந்து ஒரு வருஷம்தான்.

விஷயம் எங்கே இருக்கிறது என்றால், "பெட்டி" என்பது எது? நூறு அட்டைப்பெட்டி பாயைக் கன்டெய்னரில் அடைத்து அனுப்புகிறீர்கள், ஒன்று 30 கிலோ என்று வையுங்கள். பில்லில் "100 அட்டைப்பெட்டிகள்" என்று இருந்தால் நூறு பெட்டி, வரம்பு 66,667 எஸ்.டி.ஆர். "ஒரு கன்டெய்னர்" என்று மட்டும் இருந்தால் கன்டெய்னரே ஒரு பெட்டி. அப்போது எடைக் கணக்குதான் கை கொடுக்கும், 3,000 கிலோவுக்கு 6,000 எஸ்.டி.ஆர். சரக்கு ஒன்றுதான், கப்பல் ஒன்றுதான். டிராஃப்ட் பில் வரும்போது அந்த ஒரு கட்டத்தைப் பார்க்காமல் "ஓகே" என்று மெயில் போடுகிற பார்ட்டிகள் எத்தனையோ.

நிலவாகை இலை அனுப்புகிறவர்களுக்கு இது அவ்வளவு கடிக்காது, பேல் கனம், எடைக் கணக்கிலேயே ஓரளவு வந்துவிடும். பாய், பனை ஓலைப் பெட்டி, அப்பளம் மாதிரி லேசான சரக்குக்குத்தான் அடி.

வள்ளியூர்_சும்மா

அப்போ கப்பலே மூழ்கிவிட்டால்? போன வருஷம் கொச்சிப் பக்கம் ஒன்று போனதே.

துறைமுகம்72

எம்.எஸ்.சி. எல்சா 3. 2025 மே 25-ல் மூழ்கியது, 640 கன்டெய்னர். பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியது, பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கில் கேரள அரசு அதே குழுமத்தின் இன்னொரு கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்க ஹைகோர்ட்டில் உத்தரவு வாங்கியது. 2017 அட்மிரால்டி (கப்பல் வழக்குகள்) சட்டப்படி சரக்கு நஷ்டத்துக்கும் அப்படிக் கேட்கலாம், சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. ஆறு கட்டுப் பாய்க்காக யாரும் கப்பலைப் பிடிக்கப் போவதில்லை. அதற்குத்தான் இன்சூரன்ஸ்.

கல்லிடை_அப்பளம்

விமானத்தில்? வாகைகுளத்தில், நம்ம தூத்துக்குடி விமான நிலையத்தில், புது டெர்மினல் திறந்திருக்கிறார்களே, சிங்கப்பூருக்குக் கொஞ்சம் அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைப்பு.

துறைமுகம்72

இப்போதைக்கு மதுரை, திருவனந்தபுரம், சென்னை என்றுதான் நீங்கள் பார்க்கவேண்டியிருக்கும் அக்கா. வெளிநாட்டு விமானச் சரக்குக்கு மான்ட்ரீல் ஒப்பந்தம். 2024 டிசம்பர் 28 முதல் வரம்பைக் கிலோவுக்கு 22-லிருந்து 26 எஸ்.டி.ஆர். ஆக உயர்த்தினார்கள். அப்பளத்துக்கு அது தாராளம். சரக்கு கெட்டிருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் புகார் போடவேண்டும், அது தவறினால் போச்சு.

பாளை_வக்கீல்

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. உள்நாட்டுப் போக்குவரத்து பாலிசியில் "ஏ" வகையும் "பி" வகையும் உண்டு. "பி" மலிவு, ஆனால் தீ, வண்டி கவிழ்வது, மோதுவது மாதிரி எழுதிவைத்த ஆபத்துக்கு மட்டும்தான். மழையில் நனைந்ததற்கு "ஏ" இருந்தால்தான் பேச முடியும். ஏஜெண்டிடம் "லாரி இன்சூரன்ஸ் ஒன்று போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் எது மலிவோ அதைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அப்புறம், பாலிசி இருக்கிறதே என்று லாரி ஆபீசுக்கு நோட்டீஸ் கொடுக்காமல் விடாதீர்கள். பணம் கொடுத்த கம்பெனி பிறகு உங்கள் இடத்தில் நின்று லாரி ஆபீசிடம் கேட்கும். அந்த உரிமையை நீங்கள் காலாவதியாக்கிவிட்டால் உங்கள் க்ளெய்மிலேயே கை வைப்பார்கள்.

வ.பேட்டை_லாரி

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். ரிஸ்க்கை எடுத்துக்கொண்டு தனிக் காசு வாங்கினால் எங்களுக்கும் நல்லதுதான். கூடுதல் ரேட் கட்டிய சரக்கு என்றால் அதை உள்ளே, நடுவில் ஏற்றச் சொல்லுவார்கள். இப்போது எந்தக் கட்டில் பட்டுப்பாய், எதில் பழைய சாக்கு என்று ஏற்றுகிறவனுக்கே தெரியாது.

பத்தமடைக்காரன்

ஆபீசுக்குப் போய் வந்தேன். ரேட் போர்டு எந்த மொழியிலும் இல்லை. போட்டோ எடுத்தேன், மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. 11,500-லிருந்து "25,000-க்குப் பேசி முடிச்சுக்கலாமே" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நோட்டீஸ் எழுதியிருக்கிறேன்: எல்.ஆர். எண், தேதி, ஆறு கட்டு, 68,000, எஃப்.ஓ.வி. 136 வாங்கியது, டெலிவரி காப்பியில் எழுதியது, கேட்கும் தொகை. இதைக் கிளைக்கு அனுப்பவா, மும்பை ஹெட் ஆபீசுக்கு அனுப்பவா? பதிவுத் தபாலா?

பாளை_வக்கீல்

இரண்டுக்கும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீடு போஸ்டில் பதிவு சேர்த்துப் போட்டு, டெலிவரி ஆனதற்கு அத்தாட்சியும் கேட்டு வாங்குங்கள். எல்.ஆரில் இருக்கிற முகவரியை அப்படியே எழுதுங்கள், கூகுளில் தேடி எழுதவேண்டாம். 25,000 பற்றிப் பேச்சு வந்தால் பேசுங்கள், ஆனால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு.

பத்தமடைக்காரன்

சரி சார். நாளைக் காலையில் சேரன்மகாதேவி தபாலாபீசில் போட்டுவிடுகிறேன். பெயர் நெய்த பாயில் இரண்டை மட்டும் மறுபடி நெய்து தரச் சொல்லியிருக்கிறேன், கல்யாணம் கார்த்திகையில். இந்தத் தடவை பஸ்ஸில் நானே கொண்டுபோகிறேன்.